கல்வரியில அன்னி மூர் அம்மாவுக்கு ஒரு செபமாலை

நவம்பர்னா நமக்கு ஆத்துமாக்கள் மாசம். ஊர்ல இருந்திருந்தா கல்லறைத் திருநாளுக்கு வீட்டுக் கல்லறையெல்லாம் கழுவி பூ வச்சு மெழுகுதிரி ஏத்தியிருப்பேன், இந்த தடவ நியூ ஜெர்சில மக வீட்ல மாட்டிக்கிட்டேன். எங்கயாவது ஒரு கல்லறைக்குப் போய் செபம் சொல்லணும்னு சொன்னதுக்கு மாப்பிள்ளை "இங்க நமக்கு யாரு இருக்கா அத்தை?"ன்னு கேட்டார். அன்னி மூர் இருக்காங்க, அவங்களப் பாக்கப் போவோம்னேன். யாரு அதுன்னு முழிச்சார், அயர்லாந்துல இருந்து அந்தக் காலத்துல கப்பலேறி வந்த ஒரு பொண்ணு, மிச்சத்த போற வழியில சொல்றேன்னுட்டேன்.

முதல்ல நியூயார்க் மன்ஹாட்டன்ல செயின்ட் பேட்ரிக் கதீட்ரல், அஞ்சாவது அவென்யூல. டூரிஸ்ட் கூட்டம், செல்ஃபி, ஆனா நடுவுல பூசையும் நடந்துகிட்டேதான் இருக்கு. இந்தக் கோயிலுக்கு 1858ல மாதா விண்ணேற்புத் திருநாள் அன்னைக்கு அடிக்கல் வச்ச பேராயர் ஜான் ஹியூஸ் அயர்லாந்து டைரோன்ல பொறந்தவர், அமெரிக்கா வந்த புதுசுல எமிட்ஸ்பர்க் குருமடத்துல தோட்ட வேலை பாத்தவர். அப்போ இந்த இடம் ஊருக்கு ஒதுக்குப்புறமா கெடந்ததால இவருக்குப் பைத்தியம்னு கேலி பண்ணாங்களாம். 103 பெரிய மனுஷங்க ஆளுக்கு 1,000 டாலர் குடுத்தாங்க, ஆனா அது எந்த மூலைக்கு, நடுவுல உள்நாட்டுப் போர் வேற வந்து வேலை நின்னு போச்சு, 1879லதான் கோயில் தெறந்தது. மிச்சக் காசு பணக்காரங்க வீட்ல பாத்திரம் கழுவுன ஐரிஷ் பொண்ணுங்களும் மண்ணு சுமந்த ஆம்பளைங்களும் சில்லறை சில்லறையா போட்டது. ஊருக்கும் பணம் அனுப்பிக்கிட்டு இங்கயும் போட்டிருக்காங்க பாருங்க. எனக்கு அந்த உசரமான கோபுரத்த விட இதுதான் பெருசாத் தெரிஞ்சுது.

அடுத்து மன்ஹாட்டனோட தெற்கு முனை, ஸ்டேட் ஸ்ட்ரீட் 7ம் நம்பர், செபமாலை மாதா கோயில். பேட்டரி பார்க்குக்கு எதிர்ல, சுத்தி கண்ணாடிக் கட்டடங்க, தேடாம போனா தெரியவே தெரியாது. பக்கத்துலயே தூண் வச்ச பழைய செங்கல் வீடு. 1880கள்ல ஷார்லட் கிரேஸ் ஓ'பிரையன்னு ஒரு ஐரிஷ் அம்மா கப்பல்ல தனியா வர்ற பொண்ணுங்க படுற பாட்டப் பாத்துட்டு விடாம குரல் குடுத்து, ஃபாதர் ஜான் ரியோர்டன் பொறுப்புல 1883ல இந்தப் பணி ஆரம்பமாச்சு. கப்பல் வந்ததும் துறைமுகத்துக்கே போய் பொண்ணுங்களக் கூட்டிட்டு வந்து, சொந்தக்காரங்க வர்ற வரைக்கும் இல்ல வேலை கெடைக்கிற வரைக்கும் தங்க வைப்பாங்க, காசு கெடையாது. ஏமாத்துறதுக்குன்னே புரோக்கர்ங்க துறைமுகத்துல காத்துக் கெடந்த காலம் அது. ஒரு லட்சம் பொண்ணுங்களுக்கு மேல இங்க வந்து போயிருக்காங்க. அவங்கதான் பின்னாடி அம்மாக்கள் ஆனவங்க. உள்ள போய் முட்டி போட்டு செபமாலைல ஒரு பத்து மணி சொன்னேன், எங்கள விட்டா வேற ஒருத்தர்தான் இருந்தார்.

அப்புறம் குயீன்ஸ், கல்வரி கல்லறை. 1848ல ஆரம்பிச்சது, நாலு பகுதியா கெடக்கு, முப்பது லட்சம் பேர் அடக்கம்னு சொல்றாங்க. கல்லறைக் கல்லுங்களுக்குப் பின்னாடி மன்ஹாட்டன் கட்டடங்க நிக்குது. பேர் பூராவும் ஓ'பிரையன், மர்ஃபி, கெல்லி, ஒரு கல்லுல ஏழெட்டு பேர்.

அன்னி மூர் 1892 ஜனவரி 1ம் தேதி, கப்பல்ல குடியேற வர்றவங்களப் பதிவு பண்ற எல்லிஸ் தீவு நிலையம் தெறந்த அன்னைக்கு முதல் ஆளா பதிவானவங்க. 17 வயசு, ரெண்டு தம்பிங்களக் கூட்டிக்கிட்டு அயர்லாந்து குவீன்ஸ்டவுன் துறைமுகத்துல கப்பலேறி பன்னெண்டு நாள் கடல்ல வந்த பொண்ணு. அப்பா அம்மா முன்னாடியே இங்க வந்துட்டாங்க. அதிகாரிங்க பத்து டாலர் தங்கக் காசு பரிசா குடுத்தாங்க. இது வரைக்கும்தான் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, இதுக்கப்புறம் நடந்தது என்னான்னு ரொம்ப வருஷம் தப்பாவே சொல்லிக்கிட்டு இருந்தாங்க, அதே பேருள்ள டெக்சாஸ்காரம்மா ஒருத்தர இவங்கன்னு நெனச்சு. உண்மையான அன்னி நியூயார்க்க விட்டு எங்கயும் போகல. ஜெர்மன் வம்சத்து கத்தோலிக்கர் ஜோசப் ஷேயரக் கட்டிக்கிட்டு, அந்த நெருக்கடியான லோயர் ஈஸ்ட் சைடுலயே குடித்தனம். அவர் மீன் மார்க்கெட்ல வேலை. பொறந்தது பதினோரு புள்ளைங்க, பெரிசானது அஞ்சு.

அஞ்சு!

1924 டிசம்பர்ல இதயக் கோளாறுல போயிட்டாங்க, அம்பது வயசு. பேர் எழுத ஒரு கல்லு கூட இல்லாம கெடந்த கல்லறை, பறிகொடுத்த புள்ளைங்க ஆறு பேரோட அதே குழி. 2006லதான் கண்டுபிடிச்சாங்க, 2008ல அயர்லாந்து நீலச் சுண்ணாம்புக்கல்லுல கெல்டிக் சிலுவை வச்சாங்க. எல்லிஸ் தீவுல சிலையா நிக்கிற அந்தப் பொண்ண விட, மறுபடி மறுபடி சின்னப் சவப்பெட்டியோட இந்தக் கல்லறை மண்ணுக்கு வந்து நின்னுட்டு மறுநாள் மிச்சப் புள்ளைங்களுக்கு அடுப்பு மூட்டுன இந்த அம்மாவுக்குத்தான் நான் பூ வச்சேன். திருச்சபை புனிதர் பட்டமெல்லாம் குடுக்கல, எனக்கு அது அவசியமாவும் படல. செபமாலையோட துக்க தேவ இரகசியம் அஞ்சும் சொன்னோம், "நித்திய இளைப்பாற்றியை" சொல்றப்ப மாப்பிள்ளையும் சேந்துகிட்டார், சாதாரணமா வாயத் தெறக்க மாட்டார். மெழுகுதிரிதான் காத்துல நிக்கவே இல்ல.

திரும்புறப்ப அன்னி கப்பலேறின ஊரப் பத்திப் பேச்சு வந்துது. இப்ப அதுக்கு கோவ்னு பேரு. அங்க மலை மேல செயின்ட் கோல்மன் கதீட்ரல், 1868ல ஆரம்பிச்சது, அன்னி கெளம்புறப்ப கட்டி முடியல, முழுசா முடிஞ்சது 1919ல, அமெரிக்கா ஆஸ்திரேலியா போனவங்க அனுப்புன காசும் அதுல இருக்கு. துறைமுகத்துல அன்னியும் தம்பிங்களும் நிக்கிற சிலையும் உண்டு. அங்கயும் ஒரு பூசை பாத்துரணும்னேன். "டிக்கெட் என்ன வெலன்னு தெரியுமா அத்தை?"ன்னார். மாதா பாத்துக்குவா, நீங்க லீவு மட்டும் போடுங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்.