“வயசானா மறக்கத்தானே செய்யும்”: பீர்மேடு லயங்களில் மறதி நோயைக் கண்டறிவது

கேரளத்தில் வண்டிப்பெரியார், பீர்மேடு பக்கம் சுகாதார நிலையத்துக்கு லயங்களிலிருந்து (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகள்) வரும் பாட்டிகள் பலர் பள்ளிக்கூடம் போனதில்லை. அவர்களிடம் பேப்பரைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னால், நினைவு தெளிவாக உள்ளவரும் தோற்றுப்போவார். மலையாளத்தில் மாதத்தைக் கேட்டாலும் விழிப்பார், “ஆடி பொறந்தாச்சா பாட்டி?” என்றால் பதில் வரும். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லாமல், “100 ரூபா குடுத்து 35 ரூபாய்க்குச் சீனி வாங்கினா மீதி எவ்வளவு?” என்கிறோம். மூன்று சொற்களைச் சொல்லிச் சில நிமிடம் கழித்துக் கேட்பது எல்லோருக்கும் பொது. அதற்கும் முன்னால் காதைப் பார்த்துவிட வேண்டும். குறும்பி அடைத்துக் கேட்காமல் போனதை மறதி என்று அழைத்துவருவதும் உண்டு.

மதிப்பெண்ணைவிட மருமகளின் பேச்சையே அதிகம் நம்புகிறோம். அவரைத் தனியே உட்காரவைப்பது நல்லது. மாமியார் எதிரில் வாய் திறக்கமாட்டார். “மறதி இருக்கா?” என்றால் “வயசாச்சுல்ல டாக்டர்” என்று முடித்துவிடுவார். போன வருஷம் மாமியார் தானே செய்துகொண்டிருந்த எதை இப்போது செய்வதில்லை என்று கேட்க வேண்டும். ரேஷன் கடைக்குத் தனியே போகிறாரா, பென்ஷன் பணத்தை எண்ணுகிறாரா, குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுகிறதா, பக்கத்து லயத்துக்குப் போனால் வீடு திரும்பத் தெரிகிறதா?

எப்போது தொடங்கியது என்பது முக்கியம். இரண்டு மூன்று நாளில் வந்த குழப்பம், ஒரு நேரம் தெளிவு, மறுநேரம் பிதற்றல் என்றால் அது சித்தப்பிரமை (டெலிரியம், உடல்கோளாறால் வரும் திடீர்க் குழப்பம்): சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ சோடியம் குறைவோ இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. யோசிக்காமலே எதற்கும் “தெரியல” என்பவர், பசியும் தூக்கமும் கெட்டவர் என்றால் முதலில் மனச்சோர்வுக்கு மருந்து. பிறகு மறுபடி சோதனை.

மருந்துப் பையை மேசைமேல் கொட்டிப் பார்க்காமல் முடிவுக்கு வருவதில்லை. கம்பத்தில் வாங்கியது பாதி, குமுளியில் வாங்கியது பாதி. ஒரே மருந்து இரண்டு பெயரில் கிடக்கும். கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின், அரிப்புக்கு ஏவில், தூக்கத்துக்கு அல்பிரசோலம் மூன்றுமே நினைவைக் குழப்பும். அல்பிரசோலத்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், வாரக்கணக்கில் குறைக்க வேண்டும். பல வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்பார்மின் சாப்பிடுபவருக்கு வைட்டமின் பி12 குறைந்திருக்கக்கூடும், அதுவும் மறதியைத் தரும்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, பி12, சோடியம், கால்சியம், கிரியாட்டினின் பார்த்தால் போதும். ஒரு சிடி ஸ்கேனுக்கு வெளியூர் போகத்தான் வேண்டும். விழுந்தவர், நடை தடுமாறி சிறுநீர் அடங்காதவர் என்றால் தள்ளிப்போடக் கூடாது.

மறதி நோயில் ஒரு வகையான அல்சைமர் என்று தெரிந்தால் நாடியையும் ஈசிஜியையும் பார்த்து, அதற்கான மருந்தான டொனெபெசில் இரவில் 5 மில்லிகிராம். நான்கு முதல் ஆறு வாரத்தில் ஒத்துக்கொண்டால் 10. வாந்தியும் பேதியும் வரலாம். கெட்ட கனவு வந்தால் காலைக்கு மாற்றலாம். நாடி குறைந்து மயங்கினால் நிறுத்திவிடுகிறோம். இது நோயைக் குணமாக்காது என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது உத்தமம், இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் மருந்தைத் தூக்கிப்போட்டுவிடுவார்கள்.

சாயங்காலம் கூச்சல் போடுகிறார், தூக்க மாத்திரை கொடுங்கள் என்று வருவார்கள். வலி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு மூன்றையும் முதலில் தேடுகிறோம். அடிக்கிறார், ஆபத்து என்றால் மட்டும் ரிஸ்பெரிடோன் (மனநோய் மருந்து) 0.25 மில்லிகிராமில் தொடங்கி, ஆறு வாரத்துக்குள் தேவையா என்று பார்க்கிறோம். பக்கவாதம், மரணம் இரண்டின் ஆபத்தும் கூடும் என்பதை வீட்டாருக்குச் சொன்ன பிறகே சீட்டு எழுதுகிறோம்.