தாமிரபரணிக் கரையில் எங்கே இறங்கலாம்?

திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை ரயிலில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் குற்றாலத்துக்குப் போகிறவர்கள். வழியில் சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று வரிசையாக ஆற்றங்கரை ஊர்கள். யாரும் இறங்குவதில்லை. வீரவநல்லூர்க்காரனான எனக்கு இதில் கொஞ்சம் பொறாமை உண்டு, மறைப்பானேன்! அருவியில் குளிக்கலாம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆற்றைப் பார்க்க வேண்டுமென்றால் மலையை விட்டு இறங்கி சமவெளிக்கு வர வேண்டும்.

பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் சேருவதற்குள் இந்த ஆற்றை எட்டு இடங்களில் அணை கட்டி மறித்திருக்கிறார்கள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று தொடங்கும் வரிசையில் கடைசி அணை ஸ்ரீவைகுண்டம். அணைக்கட்டிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து குளம், குளத்திலிருந்து வயல். காரும் பிசானமும் இரண்டு போகம் விளைவது இந்தத் தண்ணீரில்தான். பறவைகள் வருவதும் இதே தண்ணீரை நம்பித்தான்.

நாளைக்கே கிளம்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் ஊர் திருப்புடைமருதூர். வீரவநல்லூரில் இறங்கி ஆட்டோ பிடித்தால் போதும். கடனா நதி வந்து தாமிரபரணியில் கலக்கும் இடம். ஆற்றை ஒட்டி நாறும்பூநாதர் கோயில், சுற்றிலும் பெரிய பெரிய மருத மரங்கள், இலுப்பை மரங்கள். தை மாசம் போய் நின்றால் தலைக்கு மேலே ஒரே இரைச்சல். மஞ்சள் மூக்கு நாரை, கொக்கு, நீர்க்காகம், இராக்கொக்கு எல்லாம் கூடு கட்டிக் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும். குடை கொண்டு போங்கள், வெயிலுக்காக அல்ல! 2005-இல் இந்த இடத்தைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள். அதற்கு முன்பே ஊர்க்காரர்கள் யாரையும் கல்லெறிய விட்டதில்லை.

உள்ளே லிங்கம் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும். ஆற்றில் வெள்ளம் போன நாளில் கருவூர்ச் சித்தர் அக்கரையில் நின்று கூப்பிட்டதாகவும், அதைக் கேட்க சாமி தலை சாய்த்ததாகவும் கதை. ஆனால் நான் உங்களை அனுப்புவது ராஜகோபுரத்துக்காக. கோபுரத்தின் உள்ளே தளம் தளமாக ஏறலாம். உத்தரமும் தூணும் மரம், அவற்றில் நுணுக்கமான சிற்பங்கள். சுவர் முழுக்க நாயக்கர் காலத்து ஓவியங்கள். வௌவால் நெடி மூக்கில் ஏறும். டார்ச் அடித்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் ஒரு கப்பல் வரும். அதில் குதிரைகள் நிற்கின்றன. அரபு நாட்டு வணிகர்கள் குதிரை கொண்டுவந்த காட்சி. கடலிலிருந்து இத்தனை தூரம் உள்ளே, ஒரு கிராமத்துக் கோபுரத்தில் அதை யாரோ உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள். எல்லா நாளும் ஏற விடமாட்டார்கள். கோயில் அலுவலகத்தில் பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் பத்தமடை. கடைத்தெருவில் பாயை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள், நெய்கிற வீட்டுக்குப் போங்கள். ஆற்றோரத்துக் கோரையை அறுத்துக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, பிறகு நூல் மாதிரிக் கிழிக்கிறார்கள். நான் பார்த்த வீட்டில் ஓர் அம்மா தரையோடு தரையாகப் பாவு விரித்து உட்கார்ந்திருந்தார். நீளக் குச்சியில் கோரையைக் கோத்து நூலுக்குள் செலுத்துவார், அச்சுக்கட்டையை இழுத்து ஒரு அடி, மறுபடி குச்சி. "எவ்வளவு நாளாகும்மா?" என்றேன். "சாதாப் பாய்னா சீக்கிரம் முடிஞ்சிரும் அண்ணாச்சி. பட்டுப்பாய்க்கு நாள் கணக்குச் சொல்ல முடியாது, கண்ணு எவ்வளவு நேரம் தாங்குதோ அவ்வளவுதான்" என்றார். அப்போது தறியில் இருந்தது ஒரு கல்யாணப் பாய், மாப்பிள்ளை பெயர் முடிந்து பெண் பெயரில் பாதி வந்திருந்தது. இதைக் கேட்ட பிறகு பேரம் பேச வாய் வரவில்லை.

மலையையும் விட வேண்டாம். பாபநாசம் சோதனைச் சாவடி தாண்டினால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-இல் வந்தது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். புலி பார்க்கலாம் என்ற நினைப்பில் போகாதீர்கள். கருமந்தி கண்ணில் படலாம். சிங்கவால் குரங்கு இன்னும் மேலே, மழைக்காட்டில்தான். ஆடி அமாவாசையை ஒட்டி மட்டும் இந்தப் பக்கம் வேண்டாம். சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் காடு காடாக இருக்காது. பாபநாசம் படித்துறையில் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுப் போகிற பழக்கம் வேறு. பாவம் போகிறதோ இல்லையோ, துணி போவதில்லை, அடியில் அப்படியே கிடக்கிறது.

கிழக்கே போனால் வேறு உலகம். பழங்காலத்து இடுகாடான ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மனிக்காரர் யாகோர் தோண்டினார், எடுத்தவை பெர்லினுக்குப் போயின. பிறகு அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த பொற்பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. இப்போது இறந்தவர்களைப் புதைத்த மண் தாழிகளை எடுத்துப் போகாமல், கிடந்த இடத்திலேயே கண்ணாடி போட்டுக் காட்டுகிறார்கள். இதை எப்போதோ செய்திருக்கலாம்.

அங்கிருந்து ஆழ்வார்திருநகரி பக்கம்தான். நம்மாழ்வார் இருந்த உறங்காப்புளி என்ற புளிய மரத்தைப் பார்த்துவிட்டு, கோயிலில் இருக்கும் கல் நாதஸ்வரத்தையும் விசாரியுங்கள். நவதிருப்பதி என்கிற இந்தப் பக்கத்துப் பெருமாள் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் ஓடி ஓடி முடிக்கிற வேன்களில் ஏறாதீர்கள். இரண்டு கோயில் நிதானமாகப் பார்த்தால் போதும். வழியில் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையம் வரும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருச்செந்தூர் ரயில் மாட்டிக்கொண்டு நின்றது இங்கேதான். பக்கத்து ஊர்க்காரர்கள் சமைத்துக் கொண்டுவந்து போட்டார்கள்.

வர நல்ல காலம் தை முதல் பங்குனி வரை. குளத்தில் தண்ணீர் இருக்கும், வெயில் ஏறியிருக்காது. கோயில்கள் மத்தியானம் நடை சாத்திவிட்டு நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள், அந்த நேரத்தைப் பாய்க்கும் சாப்பாட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அல்வா எந்த ஊரிலும் பார்சலில் வந்துவிடும். கல்லிடைக்குறிச்சியில் இறங்கி அப்பளம் மட்டும் கையோடு வாங்கிவிடுங்கள்.