இரண்டு துரைகள், ஒரே வெலிங்டன்

குன்னூரில் ஊட்டி மலை ரயிலின் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டினார்கள். பல்சக்கரத் தண்டவாளம் அதோடு முடிகிறது. அடுத்த ஸ்டேஷன் வெலிங்டன். அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் எனக்கு ஏரி ஞாபகம்தான் வந்தது.

எனக்குத் திட்டக்குடிப் பக்கம். வெள்ளாற்றுத் தண்ணீரைத் தொழுதூரில் திருப்பி, கால்வாய் வழியே கொண்டுவந்து கீழ்ச்செருவாயில் தேக்குகிறார்கள். 1923-ல் கட்டி முடித்த அதற்கு எங்கள் வாயில் வெலிங்டன் ஏரி என்று பெயர். "வெலிங்டன்ல தண்ணி தொறந்துட்டாங்களா?" என்று அப்பா கேட்டால், நாற்று விடலாமா என்று அர்த்தம். அது ஒரு துரையின் பெயர் என்பதே பிறகுதான் தெரியும். தெரிந்ததும், நெப்போலியனை வாட்டர்லூவில் ஜெயித்தவர் பெயரில் நம் ஏரி என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் வேறு. ஏரிக்குரியவர் வில்லிங்டன் பிரபு. 1919 முதல் 1924 வரை சென்னை மாகாண கவர்னர், பின்னாளில் வைஸ்ராய். கொச்சியின் வில்லிங்டன் தீவும் அவர் பெயரில்தான். நம் பக்கம் வில்லிங்டன் எப்போதோ வெலிங்டன் ஆகிவிட்டார்.

மலையில் இருப்பவர்தான் வாட்டர்லூக்காரர், ஆர்தர் வெல்லஸ்லி. 1799-ல் திப்புவோடு நடந்த போரில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தவர். 1809-ல் அவருக்குப் பட்டம் கொடுத்தபோது அவர் வெளிநாட்டில் போர்க்களத்தில் இருந்தார். என்ன பெயர் சூட்டுவது என்று அண்ணன் யோசித்து, குடும்பப் பெயரைப் போலவே ஒலிக்கிறது என்று இங்கிலாந்தின் சாமர்செட்டில் உள்ள வெலிங்டன் என்ற ஊரைப் பிடித்தாராம். வில்லிங்டனும் சசெக்ஸில் ஒரு கிராமம்தான். ஊர் பெயர் பட்டமாகி, பட்டம் கடல் தாண்டி மறுபடி ஊர் பெயராகியிருக்கிறது. நியூசிலாந்துத் தலைநகருக்கும் 1840-ல் இந்த டியூக் பெயரையே வைத்தார்கள்.

அவர் இந்தியாவை விட்டுப் போனது 1805-ல். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி ஏறியது 1819-ல். அப்படியும் டியூக் 1852-ல் இறந்த பிறகு, 1860-ல் மலையில் உள்ள இந்தப் படைமுகாம் வெலிங்டன் ஆயிற்று. அதற்கு முன் இதை ஜக்கதல்லா என்றுதான் வெள்ளைக்காரர்களே எழுதினார்கள். அது பக்கத்துப் படுகர் ஊரான ஜெகதளாவின் பெயர்.

மதராஸ் ரெஜிமெண்ட் மைதானத்தைச் சாலையிலிருந்தே பார்த்துவிட்டு ஜெகதளாவுக்கு நடந்தேன். நான் தேடி வந்ததே அந்த ஊரைத்தான். வரிசையாக ஒட்டி நிற்கும் வீடுகள், சரிவில் தேயிலை, கேரட் பாத்திகள். ஒரு திண்ணையில் வெள்ளைத் துண்டு போர்த்திய பெரியவர் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

"வெலிங்டன்லேருந்து நடந்தே வர்றேங்க ஐயா" என்றேன்.

"அதுவும் ஜெகதளாதான் தம்பி" என்று சொல்லிவிட்டு, நான் உட்கார இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.