முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் ஒரு படகுப் பயணம்

ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையோரம் மாண்ட்காமரி திட்டு என்று ஒன்று உண்டு. கடல் 10 மீட்டர் அளவுக்கு வற்றும்போது, திட்டின் மேல் தேங்கிய நீர் ஓரங்களில் அருவியாகக் கொட்டுவதைப் பார்க்கப் பயணிகள் கப்பலேறிப் போகிறார்கள். நம் பாக் நீரிணைப் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்கூட வேறுபாடு இராது. ஆயினும், நீடாமங்கலத்து மூவாறு தலைப்பு என்னும் நீர்ப்பிரிப்பு அணையில் வெண்ணாற்றிலிருந்து பிரியும் கோரையாறும் பாமணியாறும் கடலைச் சேரும் முத்துப்பேட்டையில், நிலம் அத்தனை தட்டையாக இருப்பதால் அந்தச் சிறிய ஓதமே, அதாவது கடல்நீர் ஏறி வற்றுவதே, காட்டை வாழவும் சாகவும் வைக்கிறது.

சென்ற மார்கழியில் ஜாம்புவானோடையில் படகேறப் போனபோது, "வத்தமா இருக்கு தம்பி, தரை தட்டும்; ஏத்தம் வரட்டும்" என்று படகோட்டி அண்ணன் காக்க வைத்தார். அதுவும் நல்லதாயிற்று. நீர் வடிந்த சேற்றில் அலையாத்தியின் மூச்சுவேர்கள் விரல் தடிமனில் நெருக்கமாக நிமிர்ந்து நிற்க, அவற்றினிடையே சேற்றில் தாவும் உளுவை மீன்கள் தத்திக்கொண்டிருந்தன. இலை ஒன்றைத் தடவிய விரலை நாக்கில் வைத்தேன். மரம் வெளியேற்றிய உப்பு கரித்தது. தில்லை மரத்தை மட்டும் தொட விடவில்லை, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

ஏற்றம் தொடங்கியதும் கோரையாற்றின் வழியே லகூன் எனப்படும் கடலோரக் காயலை நோக்கிப் போனோம். வருகிறவர்கள் பெரும்பாலும் பறவைகளைத்தான் தேடுகிறார்கள். எனக்கோ கரையோரத்து வாய்க்கால்கள்தாம் இந்தக் காட்டின் முதன்மையான காட்சி. பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் பரப்புப் பரப்பாக மரங்களை வெட்டியதால் வெயில்பட்ட மண் வறண்டு தாழ்ந்து பள்ளமாயிற்று; உள்ளே வந்த கடல்நீர் திரும்ப வழியின்றித் தேங்கி, ஆவியாகி, அலையாத்தியே முளைக்க முடியாத அளவுக்கு உப்பேறியது. பிற்காலத்தில் மீன்முள் வடிவில் நடுவாய்க்காலும் அதிலிருந்து சாய்வாகப் பிரியும் கிளைவாய்க்கால்களும் வெட்டி, ஓதநீர் நாள்தோறும் வந்து திரும்ப வழி செய்த பிறகே நட்ட கன்றுகள் பிழைத்தன. வயலுக்கு நீர் பாய்ச்சவும் வடிக்கவும் தெரிந்த டெல்டாக்காரர்களுக்கு இது புரியாத வித்தையன்று.

2018 நவம்பரில் வீசிய கஜா புயல் இந்தக் காட்டையும் கடுமையாகச் சிதைத்தது. போக விரும்புவோர் வனத்துறை அனுமதியையும் குடிநீரையும் மறவாமல், ஏற்றம் எப்போது என்பதை முதல் நாளே படகோட்டிகளிடம் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.