விஸ்லர் பக்கம் வருகிறவர்களுக்கு: எந்த ஸ்னோபோர்டு, எந்தப் பனிக்கு?

மச்சினன் டொராண்டோவிலிருந்து வான்கூவருக்கு வேலை மாறி வருகிறான். பழைய ஸ்னோபோர்டை (பனிச்சறுக்குப் பலகை) அங்கேயே விற்றுவிட்டானாம். இங்கே வந்ததும் என்ன வாங்கலாம் என்று போனில் கேட்டான். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுதிவைத்தால் இன்னும் நாலு பேருக்கு உதவும்.

பிராண்டு பற்றி யோசிப்பதற்கு முன்னால் பனியைப் பற்றி யோசிக்க வேண்டும். வான்கூவரிலும் பக்கத்துச் சறுக்கு ஊரான விஸ்லரிலும் இருப்பவை கடலை ஒட்டிய மலைகள். விஸ்லர் கிராமம் 675 மீட்டரில் இருக்கிறது, விஸ்லர் மலையின் உச்சி 2,182 மீட்டரில். கீழே மழையில் நனைந்துகொண்டே கண்டோலாவில் (கம்பிவடப் பெட்டி) ஏறுவோம், பாதி வழியில் மழை ஈரப்பனியாக மாறும், மேலே போய் இறங்கினால் முழங்கால் வரை புதுப்பனி. அடுத்த நாள் வானம் வெளுத்துக் குளிர் இறங்கிவிட்டால், மழை பட்ட இடமெல்லாம் பாறை மாதிரி இறுகிக் கிடக்கும். வான்கூவரை ஒட்டியிருக்கிற சைப்ரஸ், கிரவுஸ், சீமோர் மலைகள் இன்னும் உயரம் குறைவு, ஈரமும் அதிகம். 2010 ஒலிம்பிக்கில் சைப்ரஸில் பனி போதாமல் லாரியிலும் ஹெலிகாப்டரிலும் கொண்டுவந்து கொட்டினார்கள்.

ஆகவே நான் சொல்வது இதுதான்: முதல் பலகையை மோசமான நாளுக்காக வாங்குங்கள். நிறையப் பேர் மரங்களுக்கு நடுவே பவுடரில், அதாவது ஆழமான புதுப்பனியில், மிதக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு அதற்கான பலகையைத்தான் முதலில் வாங்குகிறார்கள். அப்படிப்பட்ட நாள் இங்கே வரும், ஆனால் அடிக்கடி வராது. இறுகிய பனி வாராவாரம் வரும்.

என் அன்றாடப் பலகை 158 செ.மீ. நீளம். சுத்தமான கேம்பர், விறைப்பு பத்துக்கு ஏழு சொல்லலாம். கேம்பர் பலகையைத் தரையில் வைத்துப் பாருங்கள், நடுப்பகுதி சில மில்லிமீட்டர் மேலே எழும்பி நிற்கும். நாம் ஏறி நின்றால் அந்த வளைவு அமுங்கி, எடை முன்முனைக்கும் பின்முனைக்கும் பரவும். எட்ஜ், அதாவது பலகை ஓரத்து உலோக விளிம்பு, அதன் முழு நீளத்துக்கும் பனியைக் கடிக்கும். காலை எட்டரை மணிக்கு, ராத்திரி மழை உறைந்த சரிவில், முன்னால் போகிறவர் பலகை கடகடவென்று அடித்து வழுக்கும்போது, நம் பலகை கோடு கிழித்தமாதிரி ஒரே வளைவாகப் போகும். அந்த நம்பிக்கைக்கு விலையே கிடையாது. கேம்பரின் விறைப்பு பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. பக்கத்து வாஷிங்டன் மாநிலத்தில் தயாராகும் லிப் டெக் பலகைகளில் எட்ஜ் நேராக இல்லாமல் அலையலையாக இருக்கும். ரொட்டி வெட்டும் கத்திக்குப் பல் இருக்கிற மாதிரிதான் அது, கெட்டிப் பனியில் பிடி கூடும். ஆனால் எந்தப் பலகையானாலும் எட்ஜ் மழுங்கியிருந்தால் பயனில்லை. எட்ஜைத் தீட்ட ஒரு சின்ன அரமும் வைரத்தூள் பதித்த தீட்டுக்கல்லும் காரிலேயே கிடக்கட்டும்.

இரண்டாவது, பவுடர் பலகை. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது. சாதாரணப் பலகையை ஆழமான பனியில் ஓட்டினால் முன்முனை அமிழப் பார்க்கும், அதைத் தூக்கிப் பிடிக்கப் பின்னங்காலில் சாய்ந்தே நிற்க வேண்டும், பத்து நிமிஷத்தில் தொடை எரியும். பவுடர் பலகையில் முன்பக்கம் அகலமாக, மேல்நோக்கி வளைந்திருக்கும். பின்பக்கம் குறுகல். பூட்ஸைப் பலகையோடு பிணைக்கிற பைண்டிங்கை மாட்டும் துளைகளும் நடுவிலிருந்து பின்னால் தள்ளி இருக்கும். முன்னால் மிதக்கும், பின்னால் தானாக அமிழும், நாம் இரண்டு காலிலும் சமமாக நின்றால் போதும். என்னுடையது 150 செ.மீ. தான், பலகையின் நடுப்பகுதி அகலம் 27 செ.மீ. அகலம் கூடினால் பரப்பும் கூடுவதால் நீளத்தைக் குறைக்கலாம், நீளம் குறைந்தால் மரங்களுக்கு நடுவே சட்டென்று திருப்பலாம். இது புதிய யோசனையும் இல்லை. 1970களிலேயே யூட்டாவில் டிமிட்ரி மிலோவிச் மீன்வால் மாதிரிப் பின்முனை பிளந்த விண்டர்ஸ்டிக் பலகைகளைச் செய்தார். ஜப்பானின் நிசெகோவில் ஜென்டெம்ஸ்டிக் செய்யும் டாரோ தமாயும் அலைச்சறுக்கிலிருந்து வந்த பார்வையோடுதான் பலகை வடிக்கிறார்.

மரங்களுக்குள் போகிறவர்களுக்கு ஒன்று. ஊசியிலை மரங்களின் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில், தண்டைச் சுற்றிப் பனி இறுகாமல் குழியாக இருக்கும். தலைகீழாக விழுந்தால் தனியாக வெளியே வருவது மிகவும் கடினம், மூச்சு முட்டிவிடும். துணையில்லாமல் போகாதீர்கள், துணைக்கு வருபவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ஜாக்கெட் ஜிப்பில் ஒரு விசில் தொங்கட்டும்.

மூன்றாவது பலகை அவசியமில்லை. என்னிடம் 152 செ.மீ. நீளத்தில், இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கிற மெத்தென்ற ட்வின் ஒன்று இருக்கிறது. ஏப்ரல் மாத வெயிலில் பனி கூழாகும்போது, மகளோடு மெதுவாக இறங்க, பின்பக்கமாக ஓட்டிப் பழக அது நல்லது. பைண்டிங் கோணம் முன்னால் 15 டிகிரி, பின்னால் கழித்தல் 15 டிகிரி. அவ்வளவுதான்.

முதல் இரண்டுக்கும் நடுவில் ஒன்று, எல்லாவற்றுக்கும் ஆகும் என்று கடையில் காட்டுவார்கள். ஒரே ஒரு பலகைதான் வாங்க முடியும் என்றால் அது நியாயமான தேர்வு. ஏற்கெனவே ஒன்று இருந்தால், இரண்டாவது அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு நல்லது. 156ம் 158ம் வைத்துக்கொண்டு காலையில் எதை எடுப்பது என்று நிற்பதில் என்ன லாபம்?

அளவு விஷயத்தில், பலகையை நிமிர்த்தி வைத்துத் தாடைவரை வருகிறதா என்று பார்ப்பது பழைய முறை. உயரத்தைவிட எடை முக்கியம், ஒவ்வொரு பலகைக்கும் தயாரிப்பாளரே எடை அட்டவணை தருகிறார். அப்புறம் பூட்ஸ் சைஸ். கால் பெரியதாக இருந்து பலகை ஒடுங்கலாக இருந்தால், சாய்ந்து திரும்பும்போது பூட்ஸ் நுனி பனியில் உரசி எட்ஜைத் தூக்கிவிடும். சைஸ் 11க்கு மேல் என்றால் வைடு என்று போட்டிருக்கும் பலகைகளைப் பாருங்கள்.

காசு மிச்சப்படுத்த நினைத்தால் மார்ச் கடைசி வரை பொறுங்கள். அந்த சீசன் மாடல்களின் விலை நன்றாக இறங்கும், அடுத்த வருஷத்துக்குப் பெரும்பாலும் படம் மட்டும்தான் மாறியிருக்கும். பைண்டிங் ஒரு ஜோடி போதும், பலகைக்குப் பலகை மாற்றிக்கொள்ளலாம். வாங்கும்போது இரண்டிலும் திருகுத் துளை அமைப்பு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்: பர்ட்டன் பலகைகள் பலவற்றில் துளைகளுக்குப் பதில் நீளமான ஒரு காடி இருக்கும், எல்லா பைண்டிங்கின் தட்டும் அதில் உட்காராது.