கேம்பர் நெற்றியில் செத்த பூச்சிகள்

பிக்கப்பின் பின்தொட்டியில் கேம்பரை (படுக்கை, தண்ணீர்த் தொட்டியோடு ஒரு குட்டி வீடு மாதிரியான பெட்டி) ஏற்றிக்கொண்டு கிளம்பிய முதல் பயணத்தில் லிட்டருக்கு 6.7 கிலோமீட்டர் வந்தது. அதே டீசல் வண்டி, அதே நெடுஞ்சாலை, அதே 110 வேகம். கேம்பர் இல்லாதபோது 11 கொடுத்துக்கொண்டிருந்தது. பங்க்கிலேயே ஓரமாக நிறுத்தி மூன்று தடவை கணக்குப் போட்டேன். மூன்று தடவையும் 6.7தான்.

அண்ணனுக்குப் போன் பண்ணினேன். பல வருஷம் லாரி ஓட்டியவர். "ஏம்மா, ஒரு டன்னை முதுகுல ஏத்தி வச்சுக்கிட்டு மைலேஜ் வரலைன்னா எப்படி? வெயிட்டைக் குறை முதல்ல" என்றார்.

குறைத்தேன். இரும்பு நாற்காலிகள் போய் துணி நாற்காலிகள் வந்தன. இரண்டாவது கேஸ் சிலிண்டர் வீட்டிலேயே நின்றது. வீட்டுக்காரரின் கருவிப் பெட்டியை அவர் கண்ணில் படாமல் இறக்கி வைத்தேன் (வழியில் ஒரு போல்ட் கழன்ற அன்று மாட்டிக்கொண்டேன்). கடைசியாக, கேம்பரின் 120 லிட்டர் தண்ணீர்த் தொட்டியையும் காலியாக வைத்து ஓட்டினோம். 6.8 வந்தது.

அந்த 0.1ஐயும் நான் நம்பவில்லை. டேங்கை நிரப்பும்போது குழாய் முதல் 'க்ளிக்'கில் நிற்கும் இடம் பங்க்குக்கு பங்க் மாறும். வண்டி கொஞ்சம் சாய்ந்து நின்றாலே ஓரிரு லிட்டர் வித்தியாசம் வந்துவிடும். அதனால் ஒரே ஒரு டேங்க் கணக்கை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. டாஷ்போர்டு காட்டும் எண் என் வண்டியில் எப்போதுமே அரை கிலோமீட்டர் தாராளம். நிரப்பிய லிட்டர், ஓடிய தூரம் இரண்டையும் நோட்டில் எழுதி வகுத்துப் பார்ப்பதுதான் எனக்குச் சரி.

விஷயம் விளங்கியது ஒரு சாயங்காலம் வண்டி கழுவும்போது. கேம்பரின் முன்பகுதி, கேபினுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறதே, நாங்கள் படுக்கும் இடம், அதன் நெற்றி முழுக்கப் பூச்சிகள். மஞ்சளும் பழுப்புமாக அப்பிக் காய்ந்து, ஊறவைத்துத் தேய்த்தாலும் வரவில்லை. அதற்குக் கீழே, சரிந்த கண்ணாடியில் விரல் விட்டு எண்ணிவிடலாம். கண்ணாடிப் பக்கம் வந்த பூச்சிகளில் பலவற்றைக் காற்றே தூக்கி மேலே தள்ளியிருக்க வேண்டும். மேலே அந்தச் செங்குத்துச் சுவர் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. பின்பக்கம் போனால் இன்னொரு கூத்து. மழையே இல்லாத பாதையில் வந்தும் கேம்பரின் பின்கதவில் விரலால் பெயர் எழுதுமளவு புழுதி. தட்டையான முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சக்கரம் கிளப்பிய தூசியெல்லாம் சுழன்று அங்கேயே வந்து ஒட்டுகிறது. முன்னால் அழுத்தும் காற்று, பின்னால் இழுக்கும் வெற்றிடம், இரண்டுக்கும் நடுவில் நான் டீசலை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு தோராயக் கணக்குப் போட்டேன். நல்ல தார்ச்சாலையில் டயர் உருள்வதற்கான தடை, எடையில் கிட்டத்தட்ட நூற்றில் ஒரு பங்கு. ஆயிரம் கிலோ கேம்பர் என்றால் கூடுதலாகப் பத்து கிலோ எடைக்குச் சமமான விசை. நான் வடித்த 120 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ சொச்சம்! ஆனால் கேபினுக்கு மேலே புதிதாக எழுந்த சுவர் ஒரு மீட்டர் உயரம், இரண்டு மீட்டர் அகலம். 110 வேகத்தில் அதன் மேல் காற்று தள்ளுவது ஐம்பது கிலோவுக்கு மேல் வந்தது.

எடைக்கு வேலை இல்லை என்று சொல்லவில்லை. மலை ஏற்றத்தில் அது வட்டியும் முதலுமாக வாங்கிவிடும். இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும்போது ஏறிச் சம்பாதித்த உயரமெல்லாம் சூடாகப் போய்விடும். ஊருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும்போதும் அப்படித்தான். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் சுமை வரம்பைத் தாண்டினால் பிரேக்குக்கும் டயருக்கும் ஆபத்து, அது மைலேஜ் விவகாரமே இல்லை. ஆனால் நாங்கள் ஓடுவது முக்கால்வாசி சமதளத்தில், நீண்ட நெடுஞ்சாலையில்.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 90இலிருந்து 110 போனால் வேகம் 22 சதவீதம்தான் கூடுகிறது, தடை 49 சதவீதம். அடுத்த பயணத்தில், வேகத்தை ஒரே அளவில் பிடித்துவைக்கும் குரூஸ் கண்ட்ரோலை 90இல் போட்டேன். முதல் ஒரு மணி நேரம் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. ஒரு பள்ளிப் பேருந்து எங்களை முந்திப் போனதும், "பார், குழந்தைங்க கையாட்டிட்டுப் போகுதுங்க" என்றார். 8.4 வந்தது. நாங்கள் வழக்கமாகப் போகும் 300 கிலோமீட்டருக்கு 36 நிமிஷம் கூடுதல், ஒன்பது லிட்டர் மிச்சம். டயரில் காற்றைச் சுமைக்கேற்ற அளவுக்கு ஏற்றி வைத்ததும் கொஞ்சம் உதவியிருக்கலாம், அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை.

நடுவில் அண்ணன் பிளைவுட்டில் ஒரு காற்றுத் தடுப்பு செய்து கேபின் கூரையில் பொருத்தினார். பார்க்க அம்சமாக இருந்தது. நான்கு டேங்க் ஓட்டியும் நோட்டில் எந்த மாற்றமும் தெரியவில்லை, இரைச்சல் மட்டும் புதிதாக வந்தது. கழற்றிவிட்டேன் என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

நெற்றியே இல்லாத வழியும் உண்டு. கூரையை மடித்து இறக்கும் கேம்பரில் ஓடும்போது அந்தச் சுவரில் பெரும்பகுதி மறைந்துவிடும். ஆனால் நடுவழியில் ஓரம்கட்டி அரைமணி நேரம் தூங்கவேண்டுமென்றாலும் கூரையைத் தூக்கவேண்டும். எனக்குப் பொறுமை இல்லை.

90இல் ஓட்டினால் எல்லாம் சரி என்று நினைத்திருந்தபோதுதான் அந்த எதிர்க்காற்று நாள் வந்தது. ஸ்பீடாமீட்டர் 90ஐத்தான் காட்டியது. எதிரே 30 வேகத்தில் காற்று வீசினால் வண்டியைப் பொறுத்தவரை அது 120. கியர் மேலே போவதும் கீழே இறங்குவதுமாக முனகிக்கொண்டே வந்தது. 75 லிட்டர் டேங்க், 550 தாண்டித்தான் விளக்கு எரியும் என்ற தெம்பில் இரண்டு பங்க்குகளை விட்டுவிட்டேன். 380இலேயே எரிந்தது. ஏசியை அணைத்துவிட்டு 70இல் உருட்டிக்கொண்டு அடுத்த பங்க் வரைக்கும் போனோம். அன்றைய கணக்கு 5.8.

அதிலிருந்து நோட்டில் 'காற்று' என்று ஒரு கட்டம் சேர்ந்திருக்கிறது. அதை நிரப்புவது வீட்டுக்காரர். கொடிகளையும் சாலையோரப் புல்லையும் பார்த்து 'எதிர்', 'பக்கம்', 'பின்' என்று எழுதுவார். நேற்று 'பின்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார், 9.9. இதுவரை கேம்பரோடு வந்ததிலேயே அதிகம்.

நாளை காலை இதே சாலையில் திரும்பிப் போகவேண்டும். வெளியே காற்று இன்னும் அதே திசையில்தான் அடித்துக்கொண்டிருக்கிறது. டேங்கை நிரப்பிவிட்டு வந்து படுத்திருக்கலாம்.