ராவா அனுப்புங்க அண்ணே

"என்ன மைக் வாங்கலாம்?" நான் வீட்டில் உட்கார்ந்து மெட்டுப் போடுகிற ஆள் என்று தெரிந்ததும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். அடுத்தது, "எந்த சாஃப்ட்வேர்?" இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஷூர் எஸ்எம்58 போதும். 1966-இல் வந்த மைக். இன்றைக்கும் கச்சேரி மேடையிலும் கட்சி மேடையிலும் அது அல்லது அதைப் பார்த்துச் செய்த ஒன்றுதான் நிற்கிறது. கைதவறிக் கீழே போட்டாலும் எடுத்துத் துடைத்துவிட்டுப் பாடலாம். கண்டென்சர் மைக் மாதிரி தெருவில் போகிற மொபெட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வராது. சாஃப்ட்வேருக்கு ரீப்பர். 60 நாள் முழுசாகப் போட்டுப் பார்க்கலாம், அப்புறம் தனியாட்களுக்கு 60 டாலர். காசே கிடையாது என்றால் குரல் பதிய ஆடாசிட்டி இருக்கிறது. கடைச்சாமான் பேச்சு இத்தோடு முடிந்தது.

ரகுமான் 1989-இல் கோடம்பாக்கத்தில் வீட்டுப் பின்புறம் ஸ்டுடியோ கட்டினார் என்பதை எங்கள் வயசுக்காரர்கள் ஒரு ஆறுதலாகவே வைத்திருக்கிறோம். அவர் சிறுவயசிலிருந்தே பிறர் இசையமைப்பில் கீபோர்டு வாசித்து, ரெக்கார்டிங் தியேட்டர்களில் வளர்ந்தவர் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுவோம். நமக்கு அந்தப் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. பாளையங்கோட்டையில் கணக்கெழுதும் வேலை பார்த்துக்கொண்டு, ராத்திரியில் பாட்டுக் கட்டுகிறவனுக்கு யார் சொல்லித்தருவார்கள்?

எனக்குச் சொல்லித்தந்தது, முடிக்காத பாட்டுகள். முடித்த பாட்டைப் பகிர்ந்தால் "சூப்பர் அண்ணே", "செம ஃபீல்" என்று நாலு பேர் போடுவார்கள், ரெண்டு நெருப்புப் படம் வரும். இரண்டாவது சரணத்தில் மிருதங்கம் தாளத்தை முந்தி ஓடுகிறது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். மரியாதை ஒரு காரணம். எல்லாம் ஒரே ஃபைலாக உருகிப் போனபின் எது எங்கே கெட்டது என்று அவர்களுக்கும் தெரியாது என்பது இன்னொரு காரணம்.

எங்கள் கூட்டம் சின்னது. திசையன்விளைக்காரத் தம்பி ஒருவர் தோஹாவில் வேலை பார்க்கிறார், கீபோர்டு அவர். யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் டொராண்டோவிலிருந்து பாடுகிறார். கோவையில் ஒரு மிருதங்க வாத்தியார். இங்கே சர்ச் கொயரில் பாடுகிற ஒரு அக்கா. இவர்களில் பலரை நான் நேரில் பார்த்ததே இல்லை. "எஃபெக்ட் ஒண்ணும் போடாம ராவா அனுப்புங்க அண்ணே" என்று முதலில் ஆரம்பித்தவர் தோஹா தம்பிதான். அதுவே சட்டமாகிவிட்டது. ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி வேவ் ஃபைலாகப் பொது ஃபோல்டரில் விழ வேண்டும். எதிரொலி சேர்க்கிற ரிவெர்ப் கிடையாது, கனத்தையும் கீச்சையும் கூட்டிக் குறைக்கிற ஈக்யூ கிடையாது, சுருதியைத் திருத்துகிற ஆட்டோடியூன் கிடையவே கிடையாது. மூச்சு வாங்குவது, நாற்காலி கிறீச்சிடுவது, பாடி முடித்ததும் "சே" என்பது எல்லாம் அப்படியே இருக்கட்டும். முதலில் எல்லாருக்கும் கூச்சம்தான். ரிவெர்ப் இல்லாத தன் குரலைத் தானே கேட்பது கஷ்டம், இதில் அடுத்த ஆளுக்கு வேறு அனுப்ப வேண்டும். ஆனால் ரிவெர்ப் என்பது பெரும்பாலும் அடிபிடித்த சாம்பாரில் தூவுகிற கொத்தமல்லி. தூவாமல் வைத்தால்தான் அடிபிடித்தது தெரியும்.

தெரிந்தது. தம்பி ஒரு பாட்டைக் கலந்து அனுப்பினார், நாற்பது டிராக்குக்குக் குறையாது. டொராண்டோ அக்கா ஒரே வரிதான் எழுதினார்: "தம்பி, இதுக்குள்ள என்ர குரல் எங்க நிக்குது எண்டே தெரியேல்ல." ரா டிராக்குகளைத் திறந்து ஒவ்வொன்றாகத் தனியே ஓட்டினேன். பின்னணியில் நீளமாக இழுபடுகிற மூன்று பேட் ஒலிகள் ஒரே ஸ்தாயியில் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தன. அதே இடத்தில்தான் அக்காவின் குரலும் நின்றது. அடிச்சுரத்துக்கு இரண்டு பேஸ், ஒன்றுக்கொன்று தெரியாமல். பாதியை மியூட் செய்ததும் பாட்டு வெளியே வந்தது, ஈக்யூவைத் தொடவே இல்லை. நாலு குரல் கொயரில் நின்று வளர்ந்தவனுக்கு இது கொஞ்சம் சீக்கிரம் பிடிபடும். ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடும் இடத்தில் டெனர் (ஆண்களின் மேல்குரல்) ஏறி வந்தால் கொயர் மாஸ்டர் திரும்பிப் பார்க்கிற பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது.

தம்பி ஆடியோவோடு மிடி ஃபைலும் போடுவார், எந்தக் கட்டையை எப்போது அழுத்தினார் என்கிற குறிப்பு அது. அதைத் திறந்து பார்ப்பது எனக்கு ஒரு தனி ருசி. கீபோர்டில் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, வராது என்று சொல்கிறவர்களுக்காக ஒன்று: சுரத்தை வளைக்கிற பிட்ச் பெண்ட் சக்கரம் சாதாரணமாக மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் போகும்படி வரும். தோடி ராகத்தில் 'சாதாரண காந்தாரம்' என்கிற சுரம் அசைவது கிட்டத்தட்ட அதே அளவுக்குத்தான், கீழே சுத்த ரிஷபம், மேலே சுத்த மத்யமம். ஆக அளவு பிரச்சினையே இல்லை. வேகமும் எங்கே நிறுத்துகிறோம் என்பதும்தான் பிரச்சினை. தம்பியின் சக்கர அசைவு திரையில் ஒரே சீரான அலையாகத் தெரிந்தது, இயந்திரம் ஆட்டியது மாதிரி. டொராண்டோ அக்கா பாடிய அதே காந்தாரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அலையே இல்லை. மேலே போய் ஒரு நொடி நின்று சறுக்குகிறது, அடுத்த தடவை பாதியிலேயே திரும்புகிறது. கலந்த பாட்டில் இந்த வித்தியாசம் "என்னமோ சரியில்லை" என்று மட்டும் கேட்கும்.

ரா டிராக் காட்டிக்கொடுக்கிற இன்னொன்று, அறை. எங்களுடையது பழைய வீடு: பட்டாசல் என்கிற கூடம், இரண்டாங்கட்டு, அதையொட்டி ஜன்னலே இல்லாத அரங்குவீடு என்கிற உள்ளறை, அப்புறம் அடுக்களை. பட்டாசல் நடுவில் நின்று ஒரு தட்டுத் தட்டினால் "ட்ர்ர்ர்" என்று ஓடும். எதிரெதிரான இரண்டு வெறும் சுவர்களுக்கு நடுவே சத்தம் போய்ப் போய் வருவதால் அப்படி. எவ்வளவு விலையுள்ள மைக் வைத்தாலும் அந்த "ட்ர்ர்" குரலோடு பதியும், பதிந்த பிறகு முழுசாக எடுக்கவும் முடியாது. இதற்கு ஊரெல்லாம் முட்டை அட்டை ஒட்டுகிறார்கள். மெல்லிய காகிதக்கூழ், அதில் குரலின் கனம் எதுவும் நிற்காது, தீப்பிடித்தால் குபீரென்று பிடிக்கும். கரப்பான்பூச்சிக்குத்தான் லாபம்.

அரங்குவீட்டில் தட்டினால் "டப்" என்று அங்கேயே செத்துவிடும். காரணம், வீட்டிலுள்ள இலவம்பஞ்சு மெத்தை, தலையணை, போர்வை, பாய் எல்லாம் அங்கேதான் அடுக்கியிருக்கும். கனமாகவும் உள்ளே காற்றுப் புகுகிற மாதிரியும் இருப்பதுதான் சத்தத்தை உறிஞ்சும். டொராண்டோ அக்கா குளிர்கோட்டுகள் தொங்குகிற அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுகிறார். எங்களில் மிகச் சுத்தமான குரல் டிராக் அவருடையதுதான், காசு செலவழித்த தம்பியுடையது அல்ல.

அரங்குவீட்டிலும் ஒரு கூத்து நடந்தது. கொயர் அக்கா பாடிக்கொண்டிருந்தபோது, பஞ்சமத்தில் நிறுத்தினால் மட்டும் பின்னால் "ங்ங்ங்" என்று ஒன்று ரீங்கரித்தது. ஷட்ஜமத்தில் இல்லை, மத்யமத்தில் இல்லை. மைக் கேபிளை மாற்றினோம், ஹெட்போனை மாற்றினோம். கடைசியில் அக்காவைப் பஞ்சமத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டு நான் சாமான் ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையை வைத்துக்கொண்டே வந்தேன். தகரப்பெட்டி இல்லை, அண்டா இல்லை. பாய்க்கட்டுக்குப் பின்னால் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்த பித்தளைத் தவலை கையில் சிலிர்த்தது. அதன் இயல்பான சுருதியும் அக்காவின் பஞ்சமமும் ஒன்று. உள்ளே ஒரு பழைய லுங்கியைத் திணித்ததும் வாயை மூடிக்கொண்டது. "ஏ ஐயா, அதும் கூடச் சேந்து பாடிட்டுப் போட்டுமே" என்றாள் அம்மா. அவள் சீர்வரிசையில் வந்த தவலை அது.

ஃபேன் போட முடியாது, ஆகவே வருகிறவர்கள் துண்டோடு வருவார்கள். ராத்திரி பத்துக்கு மேல் தெருவில் தண்ணி மோட்டார்கள் ஓய்ந்தபின்தான் பதிவு. அதற்கப்புறம் எஞ்சுவது பல்லி. நல்ல வரியின் முடிவில் அது "ச்ச்ச்" என்றால் அம்மாவுக்குச் சகுனம், எனக்கு மறு டேக்.

மற்ற சில்லறை விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண், இன்னும் ஒட்டினால் அடித்தொண்டை ஊதிக் கேட்கும். "ப", "பு" வெடிக்காமல் இருக்க எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் சாக்ஸை இழுத்து மாட்டினால் போதும். "ம்ம்ம்" என்று ஓயாத உறுமல் வந்தால் அது நம் 50 ஹெர்ட்ஸ் கரண்ட். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், நின்றுவிட்டால் குற்றவாளி அந்த சார்ஜரும் எர்த் இல்லாத பிளக்கும்தான். 24 பிட்டில் பதிந்தால் சத்தத்தை விளிம்பு வரை ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை, உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் நிம்மதி. ப்ளூடூத் ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பாடாதீர்கள். அதில் 100 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதம் சர்வசாதாரணம், பாடுகிறவர் தாளத்தைத் துரத்திக்கொண்டே இருப்பார். ஒயர் ஹெட்போன் போட்டு, சாஃப்ட்வேர் ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்புகிற பஃபரை 128 சாம்பிளுக்குக் குறைத்தால் அந்த பஃபரால் வரும் தாமதம் 3 மில்லிசெகண்டைத் தொடாது.

ஊர் ஊராகப் பிரிந்து பதிகிறவர்களுக்கு ஒன்று முக்கியம். எல்லாரும் ஒரே சாம்பிள் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை தடவை ஒலியை அளக்கிறது என்பது. ஒருவர் 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை 48-இல் அப்படியே ஓட்டினால் பாட்டு ஓடும் நேரம் சுருங்கி, சுருதி முக்கால் கட்டை போல ஏறிவிடும். பல சாஃப்ட்வேர்கள் தாமாக மாற்றிக்கொள்ளும், மாற்றாதபோது பாடகரைத் திட்டுவோம். வாட்ஸப்பில் அனுப்பினால் வாய்ஸ் மெசேஜாக வேண்டாம், டாகுமெண்டாக அனுப்புங்கள். வாய்ஸ் மெசேஜ் குரலைப் பேச்சுக்கு ஏற்றபடி நசுக்கித்தான் கொண்டுபோகும்.

போன மழைக்காலத்தில் "யாயும் ஞாயும்" குறுந்தொகைப் பாட்டை எடுத்தோம். சங்கப் பாட்டுக்கு யாரிடமும் உரிமை கேட்க வேண்டாம். பாரதிக்கும் அப்படித்தான், 1949-இல் சென்னை அரசே உரிமையை வாங்கி, பின்னால் பொதுச் சொத்தாக்கிவிட்டது. உரிமைத் தொல்லை வந்தது வேறு இடத்திலிருந்து. ஒரு விற்பனைத் தளத்தில் காசு கொடுத்து வாங்கிய, ராயல்டி இல்லாத தபேலா லூப்பைத் தம்பி முதல் வடிவத்தில் போட்டிருந்தார். அதே லூப்பை வேறு யாரோ தன் பாட்டில் போட்டுப் பதிவு செய்துவிட, யூடியூபின் தானியங்கிச் சோதனை எங்கள் பாட்டை அவருடையது என்றது. மறுப்பு எழுதி மீட்டோம். அதிலிருந்து லூப் இல்லை, கோவை வாத்தியார்தான்.

அந்தப் பாட்டில் உண்மையான தகராறு நாலாவது அடியில். அகவல் என்கிற ஆசிரியப்பாவில் அடிக்கு நாலு சீர். ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தில், அதாவது எட்டு எண்ணிக்கையில், சீருக்கு இரண்டு அட்சரம் வைத்தால் சொல்லிவைத்த மாதிரி உட்காரும். ஆனால் நேரிசை ஆசிரியப்பாவில் கடைசிக்கு முந்தின அடிக்கு மூன்றே சீர். "செம்புலப் பெயனீர் போல", அவ்வளவுதான். இரண்டு அட்சரம் அநாதையாக நிற்கும். தம்பி "போல"வை இழுத்து நிரப்பலாம் என்றார். வாத்தியார் ஒரு சின்னத் தீர்மானம், அடியை முடித்துவைக்கிற சொற்கட்டு, வாசித்துவிடுகிறேன் என்றார். எனக்கு இரண்டிலும் மனசு ஒப்பவில்லை. அந்த அடியைக் குறைத்து வைத்தவனுக்குக் காரணம் இல்லாமலா இருக்கும்?

டொராண்டோ அக்காவின் ரா டிராக் வந்தது. "போல" என்று நிறுத்திவிட்டு, அந்த இரண்டு அட்சரத்தில் அவர் மூச்சு வாங்கியிருந்தார். தெளிவாகக் கேட்கிற, ஆழமான மூச்சு. அதற்குப் பிறகு "அன்புடை நெஞ்சம்". தானாகச் சத்தத்தை வெட்டுகிற நாய்ஸ் கேட் போட்டிருந்தால் முதலில் போயிருப்பது அதுதான். தம்பி கேட்டுவிட்டு, "அண்ணே, இந்த எடத்துல யாரும் வாசிக்க வேண்டாம்" என்று எழுதினார். வாத்தியாரும் மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் ஒரு விரல்கூட வைக்கவில்லை. ரிவெர்ப் கடைசியில் போட்டோம், கொஞ்சமாக. சத்தத்தைத் தூக்கிக் காட்ட உச்சங்களை அமுக்குகிற லிமிட்டரைப் போட்டு நசுக்கவில்லை. யூடியூப் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் என்கிற சத்த அளவுக்கு மேல் போகிற பாட்டை எப்படியும் தானே இறக்கிவிடும், அதற்கு எதற்குக் கத்த வேண்டும்.

இப்போது கையில் இருப்பது மிஸ்ர சாபு தாளத்தில் ஒரு மெட்டு, சுருதி அஞ்சரைக் கட்டை. சாஹித்யம் பாதிதான் வந்திருக்கிறது, அனுபல்லவி இன்னும் பிடி கொடுக்கவில்லை. ஃபோல்டரில் வெறும் தம்புராவும் என் முனகலும் கிடக்கிறது. வயலின் வாசிக்கிற யாரையாவது தேடுகிறோம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், பாட்டின் முதல் புள்ளியிலிருந்து கடைசி வரை ஒரே ஃபைல், பேரில் கட்டையும் டெம்போவும் இருக்கட்டும். வில் உரசுகிற சத்தத்தைத் துடைத்து அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவோம்.